வண்ணமா, பலகையா: கடையின் பழைய இணையதளத்தை என்ன செய்வது?

மண்ணடியில் ஒரு பேரிங் கடை. பத்தடி அகலம், நாற்பதடி நீளம், இரண்டு பக்கமும் கூரை வரை அட்டைப் பெட்டிகள். கல்லாவில் இருந்த முதலாளி தன் மொபைலை என் பக்கம் திருப்பிக் காட்டினார். திரையில் அவர் கடையின் இணையதளம். நீலப் பட்டையின் மேல் மஞ்சள் எழுத்து, ஓரத்தில் ஓயாமல் சுழலும் ஒரு பேரிங் படம், அடியில் வந்துபோனவர்களை எண்ணிக் காட்டும் கறுப்புப் பெட்டி. படிக்க வேண்டுமென்றால் இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கினால் பாதி வரி திரைக்கு வெளியே போய்விடும்.

"தம்பி, இதைப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. வெள்ளையடித்தால் போதுமா, இடித்துவிட்டுக் கட்ட வேண்டுமா?" என்றார்.

படிப்பை முடித்துவிட்டுக் கடைக்கு வரத் தொடங்கியிருந்த மகன் எனக்கு முன்பே பதில் சொன்னான். "வாப்பா, இதில் வெள்ளையடிக்க என்ன இருக்கிறது? மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிடலாம்."

"நாளைக்குச் சொல்கிறேன் பாய்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வடசென்னைக் கடைகளுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் தளம் கட்டுவதும் பராமரிப்பதும்தான் என் பிழைப்பு. அந்த அனுபவத்தில் ஒன்று சொல்ல முடியும்: இந்தக் கேள்விக்கு உடனே வரும் பதில் பெரும்பாலும் தவறான பதில். கடைக்காரர் தளத்தின் முகத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார். தளம் கட்டுகிறவன் தனக்கு எது சுலபம் என்று பார்த்து முடிவெடுக்கிறான். அடுத்தவன் எழுதிய நிரலைப் படித்துப் புரிந்துகொள்வதைவிடப் புதிதாக எழுதுவது எங்களுக்கு இன்பமான வேலை, கூலியும் கூடுதல். ஆகவே யாரைக் கேட்டாலும் "இது பழசு சார், தேறாது" என்றுதான் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன்.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் இந்தக் கேள்வியை எங்களைவிட நன்றாகக் கையாளுகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதற்கு அதுதான் நேரம். தச்சர் வந்தால் வண்ணத்தைப் பார்ப்பதில்லை. சுத்தியலால் பலகையைத் தட்டிக்கொண்டே போவார். சத்தம் கணீரென்று வந்தால் அந்தப் பலகை இருக்கலாம், மந்தமாக வந்தால் உள்ளே இற்றுவிட்டது. எஞ்சினுக்கு ஒரு வயது, பலகைக்கு ஒரு வயது, வலைக்கு ஒரு வயது. மூன்றையும் ஒரே நாளில் யாரும் மாற்றுவதில்லை. வண்ணம் உரிந்ததற்காகப் படகை உடைக்கிற ஆளை நான் அங்கே பார்த்ததில்லை.

இணையதளமும் ஒரே பொருளன்று. முதலாவது டொமைன், அதாவது முகவரிப் பெயர். படகின் பதிவு எண்ணைப் போல. இரண்டாவது, கோப்புகள் இருக்கும் சர்வர், நாம் ஆண்டு வாடகை கட்டும் ஹோஸ்டிங். மூன்றாவது, பக்கங்களை உண்டாக்கித் தரும் மென்பொருள். வேர்ட்பிரஸ், ஜூம்லா, அல்லது யாரோ ஒருவர் பிஎச்பி என்ற மொழியில் கையால் எழுதிய நிரல். நான்காவது, எழுத்தும் படமும் பொருள் பட்டியலும். கடைசியாகத்தான் தோற்றம். முதலாளிக்குக் கூச்சம் தருவது இந்தக் கடைசி அடுக்கு. அதற்கு அடியில் இருக்கும் நான்கில் எது இற்றிருக்கிறது என்பது தட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

இந்தப் பகுதியில் ஏன் இத்தனை தளங்கள் ஒரே காலத்தில் கிழடாகிப் போயின என்பதற்கும் காரணம் உண்டு. 2005 தொடக்கத்தில் டாட் இன் முகவரிகள் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்தன. அடுத்த சில ஆண்டுகளில் லிங்கிச் செட்டித் தெருவிலும் தம்புச் செட்டித் தெருவிலும் விசிட்டிங் கார்டு அடிப்பதைப் போல ஆளுக்கொரு தளம் போட்டார்கள். அவையெல்லாம் மேசைக் கணினித் திரைக்காக, குறிப்பிட்ட அகலத்துக்கு அளந்து கட்டியவை. திரைக்குத் தக்கபடி தன்னைச் சுருக்கி விரிக்கும் வடிவமைப்புக்குப் பெயரே 2010இல்தான் வந்தது.

அதற்குப் பிறகு அடி மேல் அடி. 2015 ஏப்ரல் 21 அன்று கூகுள், மொபைலில் படிக்க வசதியான பக்கங்களை மொபைல் தேடலில் மேலே ஏற்றத் தொடங்கியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. பாரிமுனைப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் லோடுமேன் கையிலும் இணையம் வந்துவிட்டது. 2018 ஜூலையில் குரோம் உலாவி, பூட்டுக்குறி (தகவல் மறைத்து அனுப்பப்படுகிறது என்ற அடையாளம்) இல்லாத எல்லாத் தளத்தின் தலையிலும் "பாதுகாப்பற்றது" என்று முத்திரை குத்தியது. 2020 டிசம்பர் 31 அன்று அடோபி நிறுவனம், அசையும் படங்களை ஓட்டும் ஃபிளாஷ் மென்பொருளுக்கு ஆதரவை நிறுத்தியது. 2024 ஜூலை 5க்குப் பிறகு, மொபைலில் திறக்கவே முடியாத தளங்களைக் கூகுள் தன் பட்டியலில் சேர்ப்பதில்லை.

வரிசையாகப் படித்தால் மூச்சு முட்டும். ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு அடுக்கில் விழுந்த அடி. பூட்டுக்குறி இல்லாதது ஒரு மணி நேர வேலை. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 இறுதியிலிருந்து அதற்கு வேண்டிய பாதுகாப்புச் சான்றிதழை இலவசமாகவே தருகிறது. அதற்காக முழுத் தளத்தையும் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் ஆளை மாற்றுங்கள். மொபைலில் படிக்க முடியாதது, பக்கங்கள் கட்டப்பட்ட விதத்தைப் பொறுத்துச் சில நாள் வேலையாகவும் இருக்கலாம், சில வாரமாகவும் ஆகலாம். ஃபிளாஷில் செய்த தளத்துக்கு மட்டும் வைத்தியமே கிடையாது. அதில் எழுத்துகூடப் படப் பெட்டிக்குள் அடைபட்டிருக்கும். ஐபோனில் அது ஒரு நாளும் ஓடியதில்லை. இன்று வழக்கமான உலாவி எதிலும் தானாக ஓடாது.

அன்று இரவு பேரிங் கடைத் தளத்தைத் தட்டிப் பார்த்தேன். முகப்பு மோசம், சந்தேகமே இல்லை. "எங்களை அடைய" என்ற பக்கத்தில் பாரிமுனையில் இறங்கி நடக்கச் சொல்லியிருந்தது. மண்ணடிக்கு மெட்ரோ நிலையம் வந்தது 2019 பிப்ரவரியில். அடியில் பழைய விற்பனை வரிப் பதிவு எண். ஜிஎஸ்டி வந்த 2017 ஜூலை 1க்குப் பிறகு அந்த எண்ணுக்கு வேலையில்லை. வெளியூரிலிருந்து சரக்குக் கேட்கும் ஆள், ஜிஎஸ்டி எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டுக் காணாமல், கடை இன்னும் நடக்கிறதா என்றுதான் யோசிப்பார். இவையெல்லாம் ஒரு மாலைப்பொழுதில் தீர்கிற விஷயங்கள்.

உள்ளே போனபோதுதான் உட்கார்ந்து பார்க்க வேண்டியதாயிற்று. முகப்புக்குப் பின்னால் நானூறுக்கும் மேற்பட்ட பக்கங்கள் இருந்தன. ஒரு பேரிங் எண்ணுக்கு ஒரு பக்கம். எப்போதோ வேலை பார்த்த ஒரு குமாஸ்தா, பொறுமையின் சிகரம் போலிருக்கிறது, ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்திருக்கிறார். 6205 என்ற பக்கத்தில் படம் கிடையாது. உள்விட்டம் 25 மி.மீ., வெளிவிட்டம் 52, அகலம் 15, எந்தெந்த மோட்டாருக்கு, எந்தெந்தப் பம்புக்குப் பொருந்தும், இருப்பில் உண்டா இல்லையா. அவ்வளவுதான்.

தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பேரிங் எண் என்பது வெறும் எண்ணன்று. 6205இல் கடைசி இரண்டு இலக்கமான 05ஐ ஐந்தால் பெருக்கினால் தண்டு நுழையும் துளையின் விட்டம் 25 மி.மீ. என்று வந்துவிடும். முதலில் இருக்கும் 62 வகையையும் கனத்தையும் சொல்லும். (00 முதல் 03 வரை இந்தக் கணக்குக்கு அடங்காது, 6203இன் துளை 17 மி.மீ.) பம்பு நின்றுபோய்த் தவிக்கும் மெக்கானிக், தேய்ந்த பேரிங்கைத் துடைத்து, அதில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து, அதையே மொபைலில் தேடுவார். "சிறந்த பேரிங் விற்பனையாளர்" என்று எந்த மெக்கானிக்கும் தேடுவதில்லை.

தேடலில் இருந்து எந்தெந்தப் பக்கத்துக்கு ஆள் வருகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் கடையின் தளத்தை இணைத்துப் பார்த்தபோது அது அப்படியே தெரிந்தது. தேடலில் இருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் முகப்பு வழியாக வரவில்லை. நேராக ஓர் எண் பக்கத்தில் இறங்கியிருக்கிறார்கள். முதலாளிக்குக் கூச்சம் தந்த அந்தச் சுழலும் படம் வாடிக்கையாளர்களில் பலருடைய கண்ணில் பட்டே இருக்காது.

மகன் சொன்னபடி மொத்தமாகத் தூக்கிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். அதே வட்டாரத்தில் இரும்புக் குழாய் வியாபாரி ஒருவர் தளத்தைப் புதிதாகக் கட்டினார். கட்டித் தந்த நிறுவனம் பழைய பக்கங்களைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. முழுத்திரைக்கு ஒரு துறைமுகப் படம், "தரமே எங்கள் தாரக மந்திரம்" என்று ஒரு வரி, கீழே ஐந்து பொத்தான்கள். பார்க்க அழகு. பழைய பக்கங்களின் முகவரிகள் எல்லாம் ஒரே இரவில் செத்தன. தேடிவந்தவர்கள் "பக்கம் இல்லை" என்ற பலகையில் முட்டிக்கொண்டு திரும்பினார்கள். சில மாதங்கள் கழித்து, "முன்பெல்லாம் ஆந்திராவிலிருந்து தினமும் போன் வரும், இப்போது இல்லையே" என்று அவர் என்னிடம் கேட்டபோது எனக்குச் சொல்வதற்கு நல்ல செய்தி இல்லை.

புதிதாகக் கட்டியது தவறன்று. பழைய முகவரி ஒவ்வொன்றிலிருந்தும் புதிய முகவரிக்கு வழிகாட்டிப் பலகை வைக்காமல் விட்டதுதான் தவறு. எங்கள் தொழிலில் இதற்கு 301 என்று பெயர். "நிரந்தரமாக இடம் மாறிவிட்டது" என்று சர்வர் சொல்லும் எண். பழைய பக்கம் தேடலில் சேர்த்துவைத்த மதிப்பு அந்தப் பலகை வழியாகப் புதிய பக்கத்துக்குப் போய்ச் சேரும். குறைந்தது ஓராண்டாவது அதை எடுக்காதீர்கள் என்பது கூகுள் சொல்லும் யோசனை; எடுக்கவே வேண்டாம் என்பது என் யோசனை. நானூறு பக்கமென்றால் நானூறு வரி கொண்ட ஓர் அட்டவணை. சலிப்பூட்டும் வேலை. சலிப்பூட்டுவதால்தான் பலர் செய்வதில்லை. தளம் கட்ட விலை கேட்கும்போது, "பழைய முகவரிகளின் அட்டவணையை யார் போடுவார்கள்?" என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கள். பதில் வரும் வேகத்திலேயே ஆளின் தரம் தெரிந்துவிடும்.

உள்ளடக்கம் இப்படி உயிரோடு இருந்தால் பழுதுபார்ப்பதே புத்திசாலித்தனம். சில இடங்களில் உள்ளடக்கமே செத்துப்போயிருக்கும். தமிழ்த் தளங்களுக்கென்றே அப்படி ஒரு நோய் உண்டு.

திருவொற்றியூரில் கருவாடும் உப்பு மீனும் அனுப்பும் ஒரு குடும்பத்தின் தளத்தைப் பார்க்கப் போனேன். முழுக்கத் தமிழில் எழுதியிருந்தார்கள். எந்தக் கருவாட்டை எப்படிச் சுத்தம் செய்வது, எத்தனை நாள் வைக்கலாம், எந்தக் குழம்புக்கு எது என்று பாட்டி சொல்லச் சொல்லப் பேரன் எழுதியது. ஆனால் என் கணினியில் தெரிந்ததெல்லாம் தலைக்குறி போட்ட ஆங்கில எழுத்துகளும் நாணயக் குறிகளும்தான். எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொதுத் தரமான யூனிகோடு பரவுவதற்கு முந்தைய எழுத்துருக்களின் கதை இது. ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருப்பார்கள். அந்தக் குறிப்பிட்ட எழுத்துரு கணினியில் இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் கிறுக்கல். ஆளுக்கோர் எழுத்துரு, ஆளுக்கோர் ஒழுங்கு. அதை ஒழுங்குபடுத்தத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. டாம், டாப் என்ற எழுத்துக் குறியீட்டுத் தரங்கள் அதிலிருந்து வந்தன. தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டது 2010 ஜூனில். அந்தப் பழைய எழுத்துருக்களில் எழுதப்பட்டவை கண்ணுக்குத் தமிழ், தேடுபொறிக்குக் குப்பை. "நெத்திலிக் கருவாடு" என்று உலகமே தேடினாலும் அந்தப் பக்கம் வராது.

இதற்கு மேல்பூச்சு உதவாது. தளத்தைப் புதிதாகத்தான் கட்ட வேண்டும். ஆனால் எழுத்தைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பழைய குறியீட்டை யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருவர் உட்கார்ந்து படித்துத் திருத்த வேண்டும், ஏனென்றால் கண்ணை ஏமாற்றும் பிழைகள் அதில் ஒளிந்திருக்கும். சௌகார்பேட்டை என்பதையும் செளகார்பேட்டை என்பதையும் பாருங்கள். உங்களுக்கு இரண்டும் ஒன்று. முதலாவதில் இருப்பது ஔகார உயிர்மெய், இரண்டாவதில் இருப்பது "செ"யும் "ள"வும். கணினிக்கு அவை இரண்டு வேறு ஊர்கள். யூனிகோடில் புதிதாகத் தட்டச்சு செய்கிறவர்களே இந்தத் தவற்றைச் செய்கிறார்கள் என்பது வேறு விஷயம். பாட்டியின் குறிப்புகள் அத்தனையும் புதிய தளத்தில் இன்று இருக்கின்றன. "கௌரவம்" வருகிற இடத்தையெல்லாம் நானே தேடித் திருத்தினேன்.

மென்பொருள் அடுக்கு இற்றுப்போவது வெளியே தெரியாது. அதுதான் ஆபத்து. தளம் நேற்று ஓடிய மாதிரியே இன்றும் ஓடும். ஆனால் அதை ஓட்டும் பிஎச்பியின் 5.6 பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 டிசம்பர் 31 அன்றே நின்றுவிட்டன. 7.4க்கு 2022 நவம்பரில் நின்றன. ஜூம்லா 3க்கு 2023 ஆகஸ்டில், அதைப் போன்ற ட்ரூபல் 7க்கு 2025 ஜனவரி 5 அன்று. ஹோஸ்டிங் நிறுவனம் ஒரு நாள் பழைய பதிப்பைத் தூக்கிவிட்டால் தளம் வெள்ளைப் பக்கமாக நிற்கும். அதற்கு முன்பே திருடன் நுழைந்திருந்தால், கடைக்காரருக்குத் தெரியாமல் அவர் தளத்துக்குள் ஜப்பானிய மொழியில் போலிப் பைகளும் கடிகாரங்களும் விற்கும் ஆயிரம் பக்கங்கள் முளைத்திருக்கும். முகப்பு ஒழுங்காகவே இருக்கும், தேடுபொறிக்கு மட்டும் அவை தெரியும். கூகுளில் ஆங்கிலத்தில் சைட் என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளியில்லாமல் உங்கள் முகவரியைச் சேர்த்துத் தேடிப் பாருங்கள். உங்கள் பக்கங்களாக எவையெவை பதிவாகியிருக்கின்றன என்று தெரியும். நம் கடைப் பெயரின் கீழே ஜப்பானிய எழுத்தைப் பார்த்தால் வயிறு கலங்கும்.

இப்படிப்பட்ட தளத்தில், மேலே தோற்றத்தை மட்டும் மாற்றித் தருகிறேன் என்பவர் இற்ற பலகைக்கு எனாமல் அடிக்கிறவர். பதிப்பை ஏற்ற முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். வேர்ட்பிரஸாக இருந்து, பிளகின் என்னும் துணை நிரல்கள் குறைவாக இருந்தால் பெரும்பாலும் முடியும். கையால் எழுதிய பழைய பிஎச்பியாக இருந்து, எழுதியவர் துபாய்க்குப் போய்விட்டிருந்தால் புதிதாகக் கட்டுவது மலிவாகவே முடியும்.

எனக்கென்று ஒரு சோதனை வைத்திருக்கிறேன். கடைக்காரரிடம், "போன் எண்ணை மாற்ற வேண்டுமென்றால் இப்போது என்ன செய்வீர்கள்?" என்று கேட்பேன். "நானே உள்ளே போய் மாற்றிவிடுவேன்" என்றால் அந்தத் தளத்துக்கு ஆயுசு இருக்கிறது, முகத்தைத் திருத்தினால் போதும். "ஒருவருக்கு வாட்ஸ்அப் போடுவேன், ரெண்டு நாளில் செய்து தருவார்" என்றால் பாதி உயிர். "அந்த எண் ஒரே பக்கத்தில் இல்லை சார், நாற்பது பக்கத்தில் இருக்கிறது, ஒன்றை மாற்றினால் இன்னொன்று கெடுகிறது" என்றால் அது இற்றுவிட்டது. எத்தனை அழகாக இருந்தாலும் சரி, போன வருடம் கட்டியதாகவே இருந்தாலும் சரி. வயதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அழகான தளம் ஒன்றில் விலைப்பட்டியலைப் படமாக ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். எஃகு விலை ஏறி இறங்குகிற ஊரில், ஒவ்வொரு முறையும் வடிவமைப்பாளரைத் தேடி ஓடினார்கள்.

வேகத்துக்கு எங்கள் ஊர்ச் சோதனையும் ஒன்று உண்டு. முக்கியமான உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் திரையில் வர வேண்டும் என்பது கூகுளின் அளவு. நான் மலிவான மொபைல் ஒன்றை எடுத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறிவிடுவேன். கொருக்குப்பேட்டை நிலையத்தில் தட்டினால் தண்டையார்பேட்டை வருவதற்குள் பக்கம் முழுதாக வந்துவிட வேண்டும். வராவிட்டால் பெரும்பாலும் குற்றவாளி ஒரு படமாகத்தான் இருக்கும். கேமராவில் எடுத்ததைச் சுருக்காமல் அப்படியே ஏற்றியிருப்பார்கள். படத்தைச் சுருக்கினால் வேகம் வந்துவிடும். இதற்காகவும் தளத்தை இடிக்கச் சொல்கிறவர்கள் உண்டு.

இனி, டொமைன். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பதால் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. தளத்தைப் புதுப்பிக்கலாம் என்று உட்கார்ந்த பிறகுதான் பல கடைகளில் டொமைன் தங்கள் பெயரில் இல்லை என்பதே தெரியவரும். கட்டித் தந்தவர் தன் மின்னஞ்சலில், தன் பெயரில் பதிவு செய்திருப்பார். பெரும்பாலும் கெட்ட எண்ணம் கிடையாது. அன்றைக்கு முதலாளிக்கு மின்னஞ்சலே இருந்திருக்காது. ஆனால் பெயர் யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் கடையின் பலகை இருக்கிறது. அவர் ஆண்டுக் கட்டணம் கட்ட மறந்தால் உங்கள் முகவரியை வேறு எவரும் வாங்கிக்கொள்ளலாம்.

நிரலின் உரிமையும் அதே போலத்தான். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி நிரலுக்கு முதல் உரிமையாளர் அதை எழுதியவர். உங்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்பவர் வேலையின் பகுதியாக எழுதியிருந்தால் உரிமை பொதுவாக உங்களுக்கு. வெளியாளிடம் பணம் கொடுத்துச் செய்யச் சொன்னதாலேயே அது உங்களுடையதாகிவிடாது. எழுத்தில் ஒப்படைக்க வேண்டும். நாற்பது வரி ஒப்பந்தத்தில் ஒரு வரி. அதைக் கேட்டு வாங்குங்கள்.

என் சொந்த மாமாவின் கடையில் நடந்தது வேறு மாதிரி. தண்டையார்பேட்டையில் கடை. கடவுச்சொற்கள் அத்தனையும் ஒரே நோட்டில், சிவப்பு மையில், அழகாக எழுதி வைத்திருந்தார். 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் மழையில் கடைக்குள் தண்ணீர் ஏறியது. நோட்டைக் காயவைத்துப் பார்த்தபோது தாள் முழுக்க ரோஜா நிறம்தான் இருந்தது. பதிவு அவர் பெயரில் இருந்ததால் அடையாள அட்டைகளைக் காட்டி மெல்ல மெல்ல மீட்டோம். வேறொருவர் பெயரில் இருந்திருந்தால் மாமா இன்றைக்கு வேறு முகவரியில் இருந்திருப்பார். "அத்தனை பேருக்கும் இனிமேல் புது விசிட்டிங் கார்டு அடிக்க வேண்டுமாடா?" என்று அந்த வெள்ளத்திலும் அவர் கேட்டது அதைத்தான்.

தளத்தைத் தொடவே வேண்டாத இடங்களும் உண்டு. ராஜாஜி சாலைச் சுங்க இல்லத்தைச் சுற்றியிருக்கும், சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜெண்டுகள் பலருக்கு வாடிக்கையாளர் தளம் வழியாக வருவதில்லை. தெரிந்தவர் சொல்லித்தான் வருகிறார். வந்தவர், இப்படி ஒரு நிறுவனம் உண்மையில் இருக்கிறதா, உரிமம் இருக்கிறதா, அலுவலகம் எங்கே என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளத்தான் தளத்தைத் திறக்கிறார். சுத்தமான ஒரு பக்கம் போதும். அங்கே போய் அசையும் கப்பல் படம் போட்டுப் பணம் வாங்குவது பாவம்.

வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலைத் துணிக்கடைகளின் ஆசை வேறு. "ஆன்லைனில் விற்க வேண்டும், அதனால் புதுத் தளம்" என்பார்கள். விற்பது தளத்தின் வேலை மட்டுமன்று. நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள் 2020இல் வந்தன. குறைதீர்க்கும் அலுவலர் ஒருவரின் பெயரைத் தளத்தில் போட வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 2022 அக்டோபர் 1 முதல் வாடிக்கையாளரின் அட்டை எண்ணைக் கடை தன்னிடம் சேமித்து வைக்க ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. பழைய தளத்தில் யாராவது அப்படிச் செய்து வைத்திருந்தால் அந்தப் பகுதியை இடிக்கத்தான் வேண்டும். பொட்டலம் கட்ட, திரும்பி வரும் துணியை வாங்கிப் பிரித்து வைக்க ஆள் வேண்டும். தீபாவளி நெரிசலில் கடையில் நிற்கவே ஆள் போதாதவர்கள், முதலில் வாட்ஸ்அப்பில் நாற்பது புடவைகளின் பட்டியல் போட்டு ஒரு பருவம் விற்றுப் பார்க்கலாம். விற்றால் தளத்தைப் பற்றிப் பேசலாம்.

எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் புதிதாக எழுதுவதில் பெரியவர்களே விழுந்திருக்கிறார்கள். 1998இல் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியை அடியிலிருந்து எழுதத் தொடங்கியது. நான்காம் பதிப்பு சந்தையில் கிழடாகிக்கொண்டிருந்தது, ஐந்தாம் பதிப்பு வரவேயில்லை, ஆறாம் பதிப்பு வந்தபோது 2000 நவம்பர் ஆகிவிட்டது. அதற்குள் சந்தை மைக்ரோசாஃப்ட் கைக்குப் போயிருந்தது. மண்ணடிக் கடைக்கு அத்தனை பெரிய ஆபத்து இல்லை. ஆனால் "புதுத் தளம் வரப்போகிறது, அதுவரை பழையதைத் தொட வேண்டாம்" என்று சொல்லிச் சொல்லியே, தவறான போன் எண்ணோடு ஓராண்டு ஓட்டிய கடைகள் எனக்குத் தெரியும்.

மறுநாள் கடைக்குப் போய் இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். டொமைன் முதலாளியின் பெயரில்தான் இருந்தது, அல்ஹம்துலில்லாஹ் என்றார். மென்பொருள் பழைய பிஎச்பி, தேறாது. நானூறு பக்கங்களின் எழுத்து தங்கம், அதில் கை வைக்கக் கூடாது. ஆகவே அடியில் இருக்கும் மென்பொருளைப் புதிதாகப் போட்டு, எழுத்தை அப்படியே இடம் மாற்றி, முகவரிகளை முடிந்தவரை மாற்றாமல் வைத்து, மாறியே தீர வேண்டியவற்றுக்கு 301 போடுவது என்று முடிவாயிற்று. தோற்றம் கடைசியில். ஒரே நாளில் எல்லாம் மாறாது. முதலில் அதிகம் பேர் வரும் ஐம்பது பக்கங்கள், அவை ஒழுங்காக ஓடுகின்றன என்று சர்ச் கன்சோலில் பார்த்த பிறகு அடுத்த ஐம்பது.

மகனுக்கு முகம் கொஞ்சம் வாடியது. சுழலும் பேரிங்கையாவது உடனே எடுத்துவிடலாமா என்று கேட்டான். அதை அன்றே எடுத்துவிட்டேன். பிறகு நானூறு எண்களையும் ஒரே அட்டவணையில் கொண்டுவரும் வேலையை அவனிடம் கொடுத்தேன்: எண், துளை, வெளிவிட்டம், அகலம், இருப்பு, பழைய முகவரி, புதிய முகவரி. மூன்றாம் நாள் மாலை போன் செய்தான்.

"அண்ணே, 6004 பக்கத்தில் துளை 25 என்று போட்டிருக்கிறது. 04ஐ ஐந்தால் பெருக்கினால் 20தானே வர வேண்டும்?"

பெட்டியைத் திறந்து வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து பார்க்கச் சொன்னேன். பின்னால் முதலாளி, "எத்தனை வருடமாக இப்படி இருக்கிறது?" என்று கேட்பது காதில் விழுந்தது.